ஒற்றைச் சாளரமும் நான்கு இடுப்பெலும்புகளும்

இரண்டு ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தால் ஒரு தேசம் முன்னேறிவிடும் என்ற மகத்தான உண்மையை உலகுக்கு முதலில் மெய்ப்பித்துக் காட்டிய பெருமை, கிர்கிஸ்தான் மலைநாட்டில் இருக்கும் சாரி-புலாக் வட்ட அலுவலகத்தையே சேரும்.

முன்பு அங்கே தொழில் பதிவு, நிலம், சுகாதாரம் என்று மூன்று அலுவலகங்கள், மூன்று ஜன்னல்கள், மூன்று தலைவர்கள். ஒரு கோழிப்பண்ணை வைக்க விரும்பியவர் மூன்று இடத்தில் அலைய வேண்டியிருந்தது. சீர்திருத்தம் வந்தது. அதன் முதல் கட்டத்தில் நடுச்சுவர்களை இடித்தார்கள். இரண்டு ஜன்னல்களை அடைத்தார்கள். மூன்று தலைவர் பதவிகளையும் ஒழித்தார்கள். இரண்டாம் கட்டத்தில் ஒரே ஒரு தலைவரை நியமிப்பதாக ஏற்பாடு. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே தலைநகரில் அரசாங்கம் மாறிவிட்டது. பிறகு, மறதியாக, இன்னொரு முறையும் மாறியது. ஆகவே ஒழிக்கப்பட்ட மூவரும் 'தற்காலிகப் பொறுப்பு' என்ற பட்டத்தோடு, சுவர் இருந்த இடத்தில் மேசை போட்டு, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி ஆறாவது வருடமாக வீற்றிருந்தார்கள்.

அந்த 'ஒற்றைச் சாளர'த்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் கனிஷாய். மூவருக்கும் அவள் ஒருத்தியே குமாஸ்தா. சீர்திருத்தத்தை அவள் மனதார நம்பினாள். நம்பச் சம்பளம் கொடுத்தார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தின் பெயர் தாலாய். அவள் கணவன். குளிர்பதன இயந்திர மெக்கானிக். ஊரில் ஒரு குளிர்பதன இயந்திரமும் இல்லாததால் நான்கு வருடமாக மாஸ்கோவில் பனி அள்ளிக்கொண்டிருந்தான்.

அந்த ஆறாவது வருடத்து மார்ச் மாதத்தில்தான் டென்மார்க்கிலிருந்து ஹென்னிங் வந்தார். உயரமானவர், ரஷ்ய மொழியைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். சாரி-புலாக்கில் பாலாடைக்கட்டி ஆலை கட்ட வேண்டும் என்றார். ஊர்ப் பால் முழுவதையும் வாங்கிக்கொள்வாராம். ஆறு பெரிய குளிர்பதன அறைகள் வருமாம். கனிஷாய் அன்று மதியச் சாப்பாட்டை மறந்து மாஸ்கோவுக்குப் போன் போட்டாள்.

"ஆறு ரூமாம். மெக்கானிக் வேணுமாம்."

"ஆலை வரட்டும். மறுநாளே பஸ் ஏறிடறேன்."

"சத்தியமா?"

"முட்டி வரைக்கும் பனியில நிக்கிறவன்கிட்ட சத்தியம் வேற கேக்குறா பாரு."

மறுநாள் காலை ஹென்னிங் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "வணக்கம். கையெழுத்தை யார் இடுவார்?"

சீர்திருத்தப்பட்ட புதுப் படிவத்தில் 'தலைவர்' என்று ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் இடம். கனிஷாய் திரும்பினாள். மூன்று மேசைகளும் நிமிர்ந்தன.

"நான் போடலாம். வயசுல மூத்தவன்," என்றார் நிலத்துக்குப் பொறுப்பான சாகின்பெக்.

"வயசு பாத்தா வாசல்ல படுத்திருக்கிற நாய்க்குத்தான் முதல் உரிமை," என்றாள் சுகாதாரத்துக்குப் பொறுப்பான துர்சுனாய். இரண்டு பட்டம் வாங்கியவள். இரண்டையும் சட்டம் போட்டுத் தலைக்கு மேலே மாட்டியிருந்தாள்.

"அப்ப நீங்களே போடுங்கக்கா," என்று பேனாவை நீட்டினார் மூன்றாமவரான மெலிஸ். மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் ஆகியோரின் முதலெழுத்துகளைக் கோத்து அப்பா வைத்த பெயர் அது. இப்போது தொழில் பதிவுக்கும் தனியார் முதலீட்டுக்கும் அவர்தான் பொறுப்பு.

துர்சுனாய் பேனாவைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "போட்டுருவேன். நாளைக்கு ஊழல் தடுப்புக்காரன் வந்து 'இல்லாத பதவியில எப்படிப் போட்டே'ன்னு கேட்டா உள்ளே போறது யாரு, நீயா?"

"மூன்று பேரும் இடலாமே?" என்றார் ஹென்னிங்.

"அது பழைய படிவம். ஒழிச்சாச்சு," என்றார் சாகின்பெக் பெருமையோடு.

நாற்காலி மூவருக்கும் வேண்டும். பேனா ஒருவருக்கும் வேண்டாம். நிர்வாகவியலில் இதற்கு 'அதிகாரச் சமநிலை' என்று பெயர். ஒன்பது நாள் அந்தச் சமநிலை கலையாமல் காக்கப்பட்டது. ஹென்னிங் விடுதியில் பழையதும் புதியதுமாக இரண்டு சட்டப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்தார். எந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது, எந்தப் பக்கம் செத்துவிட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. அச்சடித்தவர்களுக்கும் தெரியாது.

பத்தாம் நாள் கனிஷாய்க்கு ஒரு யோசனை உதித்தது. அரசாங்கத்தால் முடியாததை ஆட்டால் முடிக்கலாம்.

அந்த மலைநாட்டு விருந்தில் வேகவைத்த ஆட்டிறைச்சியை அந்தஸ்துப்படிதான் எலும்பு எலும்பாகப் பங்கிடுவார்கள். தலை விருந்தாளிக்கு. இடுப்பெலும்பு சபையில் பெரியவருக்கு. மற்றவை இறங்குவரிசையில். தட்டில் விழுந்த எலும்பை மறுக்கக் கூடாது. அடுத்தவர் எலும்பைப் பார்த்துப் பெருமூச்சும் விடக் கூடாது. ஊரறிய ஒருவர் இடுப்பெலும்பைக் கடித்துவிட்டால் அப்புறம் 'நான் தலைவர் இல்லை' என்று எந்த வாயால் சொல்வார்? தன் இரண்டு ஆடுகளில் ஒன்றை அறுக்க முடிவு செய்தாள். பங்கு போட அலுவலக டிரைவர் ஜோல்தோஷை அழைத்தாள்.

"சாகின்பெக் அண்ணனுக்குப் போடு. ஒருத்தருக்கு மட்டும்."

"போடலாம் தங்கச்சி. ஆனா வண்டிக்கு டீசல் எழுதறது மெலிஸ் அண்ணன். என் பொண்டாட்டிக்கு மருந்துச் சீட்டு எழுதறது துர்சுனாய் அக்கா. ஒரு எலும்புக்காக நான் நடந்தும் போகணும், வீட்ல திட்டும் வாங்கணுமா?"

அவன் அன்று மாலையே விஷயத்தை மூவரிடமும் தனித்தனியாக, 'யாரிடமும் சொல்லாதீங்க' என்று கேட்டுக்கொண்டு, சொல்லிவிட்டான். ஆறு வருடத்தில் முதல்முறையாக மூவரும் கூட்டுக் கூட்டம் நடத்தினார்கள். 'ஓர் ஆட்டில் இடுப்பெலும்பு இரண்டே இருப்பதால், நிர்வாகச் சமத்துவத்தை முன்னிட்டு இன்னோர் ஆடும் அறுக்கப்பட வேண்டும்' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கனிஷாயின் இரண்டாவது ஆடும் நாட்டின் முதலீட்டுச் சூழலுக்காகத் தன் உயிரை ஈந்தது.

விருந்தன்று ஹென்னிங்கின் முன்னால் ஆட்டுத்தலை வந்தது. அது அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார். பண்போடு ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டார். மூன்று தட்டுகளில் மூன்று இடுப்பெலும்புகள் ஒரே நேரத்தில் இறங்கின. ஜோல்தோஷின் கையில் நான்காவது மிச்சமிருந்தது. பரிமாற எடுத்ததைத் திரும்பச் சட்டியில் போடுவது வழக்கமில்லை. அவன் அதை ஏந்திக்கொண்டு நின்றான். ஹென்னிங் கனிவோடு எழுந்தார்.

"நண்பர் ஜோல்தோஷ் இன்னும் உண்ணவில்லை," என்று அதை வாங்கி அவன் தட்டிலேயே வைத்தார்.

விருந்தாளியின் கையால் விழுந்ததை யார் எடுக்க முடியும்? ஜோல்தோஷ் ஒரு கணம் கனிஷாயைப் பார்த்தான். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு கடித்தான்.

மறுநாள் காலை அலுவலகத்தில் நான்காவது மேசை கிடந்தது.

"ஆலை ஃபைலை நானும் ஒரு பார்வை பாத்துடறேன்," என்றான் ஜோல்தோஷ்.

"நீ டிரைவர்டா!" என்று கத்தினார் மெலிஸ்.

"நேத்து வரைக்கும். சாட்சி இருக்கு, வெளிநாட்டு சாட்சி."

ஜன்னலுக்கு வெளியே ஹென்னிங் விரல் விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கையிலிருந்த விண்ணப்பக் கோப்பை மூடினார். கனிஷாய் வெளியே ஓடினாள்.

"இன்னும் ஒரு வாரம் இருங்க ஐயா. நான் எப்படியாவது…"

"நான் தாமதத்துக்கு அஞ்சவில்லை, அம்மையாரே. கடுமையான சட்டத்துக்கும் அஞ்சவில்லை. பழைய வீட்டில் கடை வைத்திருக்கிறேன்; புதிய வீட்டிலும் வைத்திருக்கிறேன். பாதி இடித்த வீட்டில் எந்தச் சுவரில் சாய்வது என்று எனக்குத் தெரியவில்லை." தன்னிடமிருந்த மாதிரிப் பாலாடைக்கட்டியை அவள் கையில் வைத்தார். "உங்கள் ஆடுகளுக்காக வருந்துகிறேன்."

அன்று மாஸ்கோவுக்குப் போன் போட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

"ஆலை?"

"வரல."

"ம்." தாலாயின் பக்கத்தில் மண்வாரி எதன் மேலோ உரசும் சத்தம் கேட்டது. "சரி விடு. சாப்பிட்டியா?"

"சீஸ் சாப்பிட்டேன்."

"பாத்தியா, பணக்காரியாயிட்டே."

இருவரும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகு ஒருத்தி மட்டும் அழுதாள். இரண்டு பேராகவும் இருக்கலாம். அந்தப் பக்கத்து விவரம் கிடைக்கவில்லை.

டிசம்பரில் தலைநகரிலிருந்து அவசரக் கடிதம் வந்தது. 'சீர்திருத்தத்தால் தங்கள் வட்டத்துக்கு வந்த வெளிநாட்டு முதலீட்டாளர்களின் பெயர்களை மூன்று நாளில் அனுப்புக. பெயர் இல்லாத அலுவலகங்களின் தற்காலிகப் பொறுப்புகள் மறுபரிசீலிக்கப்படும்.'

நான்கு மேசைகளும் நடுங்கின. நடுக்கத்தில்தான் மெலிஸுக்கு ஞானம் பிறந்தது.

"கனிஷாய், உன் வீட்டுக்காரர் மாசாமாசம் பணம் அனுப்புறாரில்ல? எங்கேருந்து?"

"மாஸ்கோவிலருந்து."

"அது வெளிநாடுதானே?"

"ஆமாண்ணே."

"போன வருஷம் அந்தப் பணத்துல கூரை மாத்தினே. அது முதலீடா, இல்லையா?"

ஒன்பது நாளில் வராத கையெழுத்து ஒன்பது நிமிடத்தில் வந்தது. ஒரே கட்டத்துக்குள் நான்கு பேர், ஒருவர் பெயர் மேல் ஒருவர் ஏறி, போட்டார்கள். சாரி-புலாக்கின் முதல் வெளிநாட்டு முதலீட்டாளராகத் தாலாய் பதிவு செய்யப்பட்டான். தலைநகரம் மகிழ்ந்து, பொன்னிற ஓரம் போட்ட வரவேற்புக் கடிதம் ஒன்றை அனுப்பி வைத்தது. 'மதிப்பிற்குரிய முதலீட்டாளர் அவர்கள் எங்கள் நாட்டுக்கு வருகை தந்து, எவ்விதத் தடையுமின்றி முப்பது நாட்கள் தங்கிச் செல்லலாம்.'

கனிஷாய் அதை இரண்டு முறை படித்தாள்.

"முப்பது நாளா? அதுக்கப்புறம் அண்ணே?"

"அதுக்கப்புறம் போயிடணும்மா," என்றார் சாகின்பெக், மிகுந்த பரிவோடு. "வீட்டோட இருந்துட்டா, அப்புறம் இந்த நாட்டுல யாரும்மா முதலீடு பண்ணுவாங்க?"