மாடிவீட்டுக் கணினியும் கீழ்வீட்டுக் கட்டையும்

மின்விசிறி நின்றது. அதற்கு முன்பே திரை இருண்டுவிட்டதை லூர்துநாதன் கவனித்துவிட்டார். காலையிலிருந்து வரிவரியாக ஓடிக்கொண்டிருந்த எழுத்துகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"மன்னிக்க வேண்டும்," என்றார் கணினியிடம். மன்னிப்புக் கேட்க மாடியில் வேறு யாரும் இல்லை.

லூர்துநாதன் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வருகிற ஞாயிறோடு மனைவி சாராள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அன்றைய நினைவுத் திருப்பலியில் கொடுக்க ஒரு நினைவு அட்டை வேண்டும். உத்தமபாளையத்தில் அச்சகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும், சாராள் பள்ளி வினாத்தாள்களை அமைத்துவந்த அதே கணினியில், அதே மென்பொருளில் அட்டையைத் தம் கையாலேயே கோக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. ஓர் எழுத்து இம்மியளவு நகர்ந்திருந்தாலும் சாராளுக்குப் பொறுக்காது.

அந்த மென்பொருளோ பழுதாகிக் கிடந்தது. அவ்வளவு பழைய கணினிக்கு ஆயத்தமாக யாரும் இப்போது அதைத் தருவதில்லை. மூலநிரலை இணையத்திலிருந்து இறக்கி, கணினியைக் கொண்டே அதை மென்பொருளாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். கிழட்டுக் கணினிக்கு அது மணிக்கணக்கான வேலை. நடுவில் மின்சாரம் போனால், அரைகுறையாய் நின்ற கோப்புகளை நம்ப மனம் வராமல் அவர் முதலிலிருந்து தொடங்குவார்.

தயங்கித் தயங்கிப் படியிறங்கினார். மாடிக்கான ஃபியூஸ் கட்டை, கீழே வீட்டுக்காரர்களின் சமையலறை வாசலருகே இருந்தது. அதைத் தொட அவருக்குப் பயம். சாராள் இருந்தவரை அது சாராளின் இலாகா.

"அம்மா, என் கணினியால் மறுபடியும் தங்களுக்குத் தொந்தரவு."

"உங்க பொட்டி ரொம்பத்தான் இழுக்குது சார்," என்றார் வீட்டுக்கார அம்மாள் சுப்புத்தாய். "கட்டை சுடும். கொஞ்சம் ஆறட்டும். அதுவரைக்கும் இங்கன உக்காருங்க. கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன், ஒரு வாய் சாப்பிடுங்க."

"பரவாயில்லை அம்மா. நான் சாப்பிட்டு..."

"என்னத்த சாப்பிட்டீக? மாடியில இருந்து ஒரு தாளிப்புச் சத்தம் வந்துச்சா?"

லூர்துநாதன் உட்கார்ந்தார். எதிரே சுப்புத்தாயின் கணவர் தவசி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாழைத் தோட்டத்தில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டதாலோ என்னவோ, வீட்டில் அவர் வாய் சோற்றுக்கு மட்டுமே திறக்கும்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சுப்புத்தாய் கட்டையை மாட்டிவிட்டார். மாடியில் விசிறி சுழலும் சத்தம் கேட்டது.

மறுநாள், கணினிக்குச் சுமை குறையட்டும் என்று குளிர்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். பால் திரிந்தது. நண்பகலில் மின்சாரமும் போயிற்று.

"இன்னைக்குப் பருப்பும் கத்திரிக்காயும்தான் சார். வெறும் சோறுன்னு நினைக்காதீக."

அதற்கடுத்த நாள் விசிறியையும் நிறுத்தினார். அவருக்கு வியர்த்ததைவிடக் கணினிக்கு அதிகமாகச் சுட்டது; தானாகவே அணைந்துகொண்டது. மீண்டும் விசிறி, மீண்டும் முதலிலிருந்து. நண்பகலில் மின்சாரம் போயிற்று.

கணித ஆசிரியரல்லவா? ஆராய்ந்தார். காலையில் தொடங்கினால் நிரலின் கனமான பகுதி நண்பகலில் வருகிறது. அப்போது கட்டை தாங்கவில்லை. ஆகவே ஒருநாள் பதினொரு மணிக்குமேல் தொடங்கினார். அன்றும் நண்பகலில்தான் போயிற்று. கனமான பகுதி தொடக்கத்திலும் இருக்கிறது போலும் என்று முடிவு செய்தார்.

பிறகு, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்தால் போதும் என்று கணினிக்கு உத்தரவிட்டார். கணினி பணிந்தது. முன்பு பிற்பகலில் முடிய வேண்டிய வேலை இப்போது இரவுவரை இழுக்கும் என்றாயிற்று. மின்சாரம் மட்டும் நேரம் தவறவில்லை.

"இன்னுமா சார் முடியல?" என்று தட்டை நகர்த்தினார் சுப்புத்தாய்.

"தங்களுக்கு நான் பெரிய பாரமாகிவிட்டேன் அம்மா."

தவசி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டார். வாய் மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மாலை அட்டைத் தாள் வாங்கப் போனார். கடைக்கார விஜய்ராஜ், "எத்தனை சார் வேணும்? எரநூறா?" என்றார்.

"இருபது."

திரும்பி வரும் வழியில் யார் யாருக்குக் கொடுப்பது என்று எண்ணிப் பார்த்தார். மகன் ஆல்பர்ட் கனடாவில் இருக்கிறான்; வர இயலாது என்று முன்பே சொல்லிவிட்டான். எண்ணிக்கை இருபதை எட்டவில்லை. பாதியைக்கூட எட்டவில்லை.

சனிக்கிழமைக்கு அவரிடம் கடைசி ஆயுதம் ஒன்றிருந்தது. தேனியில் யாரோ பயன்படுத்திக் கழித்த ஒரு யூ.பி.எஸ். பெட்டியை வாங்கி வந்திருந்தார். விடியுமுன்பே வேலையைத் தொடங்கினார். நண்பகலில் மின்சாரம் போனது. பெட்டி கீச்சுக்கீச்சென்று அலறியது. ஆனால் திரை அணையவில்லை! வரிகள் ஓடின. லூர்துநாதன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கீழே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

பெட்டியின் உயிர் போவதற்குள் வேலை முடிந்தது. அட்டையின் வரிகளை உள்ளிட்டார். திரையின் நடுவே சாராளின் பெயர் வந்து நின்றது. ஓர் எழுத்தும் நகரவில்லை.

"பார்த்தாயா சாராள்?" என்று திரும்பினார்.

பக்கத்து நாற்காலியில் துவைத்த துணிகள் மடிக்காமல் கிடந்தன.

அட்டையைச் சேமித்துவிட்டுத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். பெட்டி ஓய்ந்து, திரையும் அணைந்தது. காட்டுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு, கீழே இருப்பவர்களை ஏன் நாள்தோறும் வதைக்க வேண்டும்? ஒரு முடிவோடு படியிறங்கினார்.

மூன்று தட்டுகள் வைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் கை படவில்லை. சுப்புத்தாய் ஒரு கையை முந்தானைக்குள் வைத்தபடி நின்றிருந்தார்.

"அம்மா, வேலை முடிந்துவிட்டது. இத்தனை நாளும் என் கணினி தங்கள் கட்டையைப் பாழாக்கியதற்கு மன்னிக்க வேண்டும். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துவிடுகிறேன்."

சுப்புத்தாய் கணவரைப் பார்த்தார். தவசி முதல்முறையாகத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"காலி பண்றது இருக்கட்டும் சார், உக்காருங்க; கூப்பிட்டா சாப்பிட வரமாட்டேங்கிறீகன்னு, சோறு வெந்ததும் உங்க கட்டையை உருவி முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிறதே இவதான்."