மனைவி: காலி

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருந்த கல்யாணத் தகவல் மையத்தின் புது இணையதளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினோரு மணிக்குத் திறப்பு விழா. உரிமையாளர் மாதவராஜ் ஆர்வம் தாங்காமல் முந்தின நாளே எல்லோருக்கும் வாட்ஸப்பில் லிங்க் அனுப்பியிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஜாவா புரோகிராம்ல கணவர் தகவலுக்குள்ள மனைவி இருக்காங்க சார். மனைவி தகவலுக்குள்ள கணவர். ஜேசனா மாத்தறப்ப இவருக்குள்ள அவங்க, அவங்களுக்குள்ள இவருன்னு முடிவே இல்லாம சுத்துது" என்றாள் சுமித்ரா. தளத்தை எழுதியவள் அவள்தான்.

"யாரும்மா அந்த ஜேசன்? எந்த ஊரு மாப்பிள்ளை?"

"மாப்பிள்ளை இல்லைங்க சார். பிரவுசருக்குப் புரியற மாதிரி தகவலை எழுதற முறை."

'மனைவி' என்ற வரியின் தலையில் "ஜேசனில் சேர்க்காதே" என்று ஒரு குறிப்பை ஒட்டினாள். பக்கம் பளிச்சென்று திறந்தது. மையம் சேர்த்துவைத்த நூற்றுப் பன்னிரண்டு கணவர்களும் ஒரே நொடியில் பிரம்மச்சாரி ஆனார்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு பெண் போனில் கத்தினாள். "எங்க வூட்டுக்காரருக்குப் பொண்ணு பாக்கறீங்களாங்க? கேட்டா சிரிக்கிறாரு!"

பதறிப்போய்க் குறிப்பைக் 'கணவர்' வரிக்கு மாற்றினாள். இப்போது மனைவிகள் எல்லோரும் மணப்பெண் பட்டியலில்.

அரூரிலிருந்து ஒரு கணவர் தழுதழுத்தார். "என் சம்சாரத்துக்கு ரெண்டு வரன் வந்திருக்குங்க. ஒருத்தரு என்னைவிட நல்லா வேற இருக்காரு."

கடைசியில் ஆளுக்கொரு எண் கொடுத்தாள். ஒருவர் மறுபடி வந்தால் எண்ணை மட்டும் எழுது, போதும் என்று புரோகிராமுக்குச் சொன்னாள். ஜோடிகள் எல்லாம் ஒன்று சேர்ந்தன. முதல் பதிவைத் தவிர.

மாதவராஜ், வயது நாற்பத்தாறு. மனைவி: காலி.

"சார், மேடம் மட்டும் விட்டுப்போச்சு. அஞ்சு நிமிசத்துல சேர்த்துடறேன்."

"அது பரவால்லம்மா, விடு."

"இல்லைங்க சார், தப்பு என்னோடது."

அவர் அவசரமாகத் தோரணம் கட்டப் போய்விட்டார்.

குறிப்புகளை எல்லாம் ஒன்றுவிடாமல் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தன. காலியிடம் காலியாகவே இருந்தது. மணி பத்து ஐம்பது. ஆபீஸைப் பெருக்கிக்கொண்டிருந்த கோவிந்தம்மாளிடம் ஓடினாள்.

"அக்கா, சார் சம்சாரம் பேரு என்னங்க? கையாலயே அடிச்சுப் போட்டுடறேன்."

கோவிந்தம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"சம்சாரம் இருந்தா இந்த ஆபீஸ் எதுக்குக் கண்ணு? பத்து வருசமா அவரு தனக்குப் பொண்ணு தேடினதுல, வழியில கெடச்சதுதான் அந்த நூத்திப்பன்னெண்டு ஜோடியும்!"