கொட்டாரம் சாமியும் ஒரு தீப்பெட்டியும்

இந்தியா ஒரு குடியரசு என்பதைக் கடைசி மூச்சு வரை ஒப்புக்கொள்ளாமல் இந்தியாவிலேயே வாழ்ந்து செத்துப்போன ஒரே மனிதர் கொட்டாரம் சாமிதான். 'செத்துப்போன' என்று எழுதிவிட்டேன். தப்பு. அந்த வார்த்தைக்குக் கடைசியில் வருகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் தென்காசியிலிருந்து போய் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். மாடியில் என் அறை, கீழே சாமியின் அறை. கொட்டாரம் என்றால் மலையாளத்தில் அரண்மனை. கொச்சி மகாராஜா எழுதும் கடிதங்களை வெள்ளித் தட்டில் வைத்து எடுத்துப்போய் உரியவரிடம் கொடுப்பதுதான் சாமி அங்கே பார்த்த உத்தியோகம். ராஜ்யம் போய்க் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அந்தச் செய்தியை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்காததால் சாமி அதைப் பெற்றுக்கொள்ளவில்லை.

ஒருமுறை ஓட்டுக் கேட்டு ஒரு வேட்பாளர் கைகூப்பிக்கொண்டு வந்தார்.

"நீர் யாராக்கும்?"

"ஸ்தானார்த்தியாணு சாமி. தேர்தல்ல நிக்கறேன்."

"நிக்கறது சரி. தம்புரான்கிட்ட உத்தரவு வாங்கியாச்சோ?"

வேட்பாளர் கூட வந்தவர்களைப் பார்த்தார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

சாமியிடம் பேசுவதே ஒரு பரீட்சை. கொச்சி அரண்மனையில் பேச்சுக்கென்று தனி மரியாதை உண்டு. மன்னர் சாப்பிட்டால் அது அமிர்தேத்து. நாம் சாப்பிட்டால் கரிக்காடி, அதாவது மாட்டுக்கு வைக்கிற கழுநீர் மாதிரி. மன்னர் தூங்கினால் பள்ளிக்குறுப்பு. நம் வீடு எப்பேர்ப்பட்ட மாளிகையாக இருந்தாலும் குப்பமாடம். மன்னர் காலமானால் 'இறந்தார்' என்று மூச்சு விடக் கூடாது, 'தீப்பெட்டு' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை தம்புரானுக்கு மட்டும். வேறு யாருக்காவது அதைச் சொன்னால் சாமி தெருவையே இரண்டாக்கிவிடுவார்.

ஒரு நாள் காலை பாப்புவின் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தோம். மூட்டை தூக்கும் அந்தோணி தலைக்கட்டோடு உள்ளே நுழைந்து, "பாப்புச்சேட்டா, தீப்பெட்டி!" என்று கத்தினான்.

சாமி கிளாஸைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். கண்ணில் நீர்.

"எப்போ? எந்தத் தம்புரான்?"

அந்தோணி வாயிலிருந்த பீடியை எடுத்துக் காட்டினான். "இதைப் பத்த வைக்கத்தான் சாமி."

கடையே சிரித்தது. சாமி அசரவில்லை. "வார்த்தை காதுல விழுந்துடுத்து. இனி குளிச்சே ஆகணும்" என்று வீட்டுக்குப் போய் இழவுக் குளியல் குளித்தார். அன்று சாயாவும் பாதியில் போச்சு.

அவரிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. நிறைய மன்னரின் கையெழுத்துக் காகிதங்கள். அரண்மனையைக் காலி செய்தபோது எரிக்கச் சொன்னதை எரிக்காமல் கொண்டுவந்தவை. ராஜ ரகசியம் ஏதாவது இருக்கும் என்று நானும் ஆசைப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டினார். 'எண்ணெய் நேற்று சூடு அதிகம்.' 'நாளை மழை பெய்தால் புறப்பாடு இல்லை. பெய்யாவிட்டாலும் இல்லை.' 'மாங்காய் உப்பிலிட்டது போதும், நார்த்தங்காய் வரட்டும்.' எல்லாம் இந்த ரகம். சாமி ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றி மடித்து வைத்தார்.

யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருந்த ஒருவருக்கு இது தெரிந்துபோயிற்று. ஒவ்வொரு காகிதத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு வெள்ளைக்காரர்களுக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். சாமி, "கேக்க வேண்டிய முறையில கேக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். மனிதர் உண்மையிலேயே அரண்மனை பாஷை கற்றுக்கொண்டு வந்தார்! சட்டையைக் கழற்றி, வாயைப் பொத்தி, குனிந்து நின்றார்.

"அடியன் அமிர்தேத்து கழிஞ்சு வருகயாணு. தம்புரான் கரிக்காடி குடிச்ச காலத்துக் கடுதாசு..."

அவ்வளவுதான். தான் அமுதுண்டு வந்ததாகவும் மன்னர் கழுநீர் குடித்ததாகவும் சொல்லிவிட்டார். சாமி குடையை எடுத்துக்கொண்டு அவரைப் படகுத்துறை வரைக்கும் துரத்தினார். கடைக்காரரின் சட்டை இரண்டு நாள் எங்கள் திண்ணைக் கம்பியில் தொங்கியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கர்க்கடக மழை, நம் ஆடி மாதத்தில். சாமியின் ஓடு ஒழுகியது. அறையில் நனையாத மூலை ஒன்றுதான். அங்கே பெட்டியை வைத்து, அதற்கு மேலே குடையையும் விரித்து வைத்துவிட்டு, இவர் ஈரத்தில் படுத்தார். காய்ச்சல் கண்டது. மாடிக்கு வாருங்கள் என்று நான் கெஞ்சினேன். "திருவெழுத்து கீழேயும் நான் மேலேயுமா? நன்னாருக்கே!" என்றார். சரி, பெட்டியையும் மாடிக்குத் தூக்குகிறேன் என்றேன். "கொண்டுபோகத் தட்டு எங்கே?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

கடைக்காரர் மறுபடி வந்தார். கூரை முழுவதும் ஓடு மாற்றித் தருகிறேன், பெட்டியைக் கொடுங்கள் என்றார்.

நடுங்கிக்கொண்டே சாமி எழுந்து உட்கார்ந்தார். "ஓட்டை கூரையிலதான் ஓய். என்கிட்ட இல்லை."

அவர் போனதும் என் பக்கம் திரும்பினார். "நோக்கு மரியாதையா ரெண்டு வார்த்தை பேச வராது. ஆனா நீ விக்க மாட்டாய். அது போறும்."

மூன்றாம் நாள் போய்விட்டார். காரியங்களை நானும் பாப்புவும் செய்தோம். சுள்ளிக்கல்லில் இருந்த தூரத்து உறவுக்காரர் வந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, "காகிதமா, நீயே வச்சுக்கோ" என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலமே கடைக்காரர் ஆஜர். பெட்டியைத் தூக்க அந்தோணியையும் கூட்டி வந்திருந்தார்.

"பட்டர் சாமி செத்துபோயில்லே? இனி பெட்டி எடுக்கலாமல்லோ."

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அதுவரை அந்த ஊரில் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை.

"செத்துப்போகலை. கொட்டாரம் சாமி தீப்பெட்டார்."

அந்தோணி தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். கடைக்காரர் எவ்வளவு சொல்லியும் பெட்டியைத் தொடவில்லை.

பெட்டி இப்போது தென்காசியில் என் வீட்டில், நனையாத இடத்தில் இருக்கிறது. தம்புரானுக்கு மட்டும் உள்ள வார்த்தையை அவருக்குச் சொன்னேன் என்று தெரிந்தால் சாமி என்னை லேசில் விட மாட்டார். குடையைத் தூக்கிக்கொண்டு வரட்டும். வந்தால் போதும்.