மாமாவுக்குப் படைத்த மான் ஈரல்

நல்ல யோசனைகள் எனக்கு எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும். இந்த யோசனை வந்தது ஒரு செத்த வீட்டில்.

செத்த வீடு என்றால், பிரேதம் இல்லாத செத்த வீடு. அத்தானின் தகப்பன் வன்னியில் காலமாகி, எரித்து, சாம்பலும் கரைத்த பிறகுதான் கொழும்பிலிருந்து யாரோ ஒருவர் ரெலிபோனில் செய்தி சொன்னார். அப்போது நாங்கள் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு உயர்ந்த கட்டடத்தில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருந்தோம். அறை அக்காவுக்கும் அத்தானுக்கும். ஹோலில் கிடந்த சோபா எனக்கு. அத்தானின் அகதி வழக்கு முடியவில்லை. போனால் திரும்பி வரமுடியாது. சண்டையால் போவதற்குப் பாதையும் இல்லை. கொள்ளி வைத்திருக்கவேண்டிய மூத்த மகன் ஜன்னலோரம் நின்று, கீழே பனி வழிக்கும் லொறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. செய்தி வந்ததிலிருந்து ஒரு சொட்டும் அழவில்லை. அக்காவுக்கு அதுதான் பயம்.

கீழ்மாடியிலிருந்து கனகசபை அங்கிள் வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் முறை சொல்ல அவர்தான். (அவர் ஊரில் என்ன வேலை செய்தார் என்று யாருக்கும் தெரியாது. முறை சொல்லும் வேலை கனடாவில் எடுத்தது என்று நினைக்கிறேன்.)

"தம்பி, செய்தி கேட்ட நாளிலை இருந்து எண்ணி எட்டுச்செலவைச் செய்வம்," என்றார். எட்டுச்செலவு என்பது, இறந்தவர் ஆசையாய்ச் சாப்பிட்டதையெல்லாம் மீன், இறைச்சி உட்படச் சமைத்து அவர் படத்துக்கு முன்னால் படைப்பது. "கொள்ளிதான் வைக்கக் கிடைக்கேல்லை. மனுசனுக்கு வாய்க்கு ருசியா ஒரு நேரச் சாப்பாடாவது வைக்கலாம்தானே. அப்பாக்கு என்ன விருப்பம்?"

அத்தான் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மான் ஈரல் வத்தல். உப்புப் போட்டு, புகைபோட்டுக் காயவிட்டது. அப்பாக்கு அதெண்டா உயிர்."

அங்கிள் பெருமூச்சு விட்டார். அக்கா மூக்கைச் சீறினாள். ரொறன்ரோவில் மான் ஈரல் வத்தலுக்கு எங்கே போவது? ஆட்டு ஈரலைக் காயவைத்துப் பார்க்கலாமா என்று இருவரும் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. றேமன்ட்!

இந்த இடத்தில் என்னைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் அப்போது கல்லூரியில் போசாக்கியல் முதலாம் ஆண்டு. அரை ஆண்டுப் படிப்பிலேயே வீட்டாரின் நிம்மதியை முழுதாகக் குலைத்திருந்தேன். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்று அத்தானின் கோப்பையை எடுத்து வைப்பேன். சோறு வடித்த கஞ்சியை அக்கா ஊற்றினால், தொட்டிக்குள் குனிந்து ஒரு சின்ன அஞ்சலி செலுத்துவேன். ஈரல் என் காதல். இரும்பு, வைற்றமின் ஏ, பி வகைகள் எல்லாவற்றையும் கடவுள் ஒரே உறுப்பில் போட்டு வைத்திருக்கிறார் என்று யார் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்கமாட்டார்கள். அப்போதும் சொல்வேன்.

சனிக்கிழமைகளில் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றும் வேலை எனக்கு. அங்கே போர்க்லிஃப்ற் ஓட்டுகிறவன் றேமன்ட். ஒவ்வொரு இலையுதிர் காலமும் வடக்கே போய் மான் சுடுவான். மனைவி அதன் ஈரல், இதயம், நாக்கு எல்லாவற்றையும் உப்பில் புதைத்துப் புகைபோட்டு வைப்பாள் என்று ஒருமுறை முறைப்பாடு போலச் சொல்லியிருந்தான். நான் கேட்டதும் அவன் முகத்தில் விடுதலையின் ஒளி.

"முழு ஈரலா? எடுத்துக்கொண்டு போ. திருப்பித் தராதே."

"எப்படிச் சமைக்கிறது?"

"எனக்குத் தெரியாது. நான் அதைத் தொடுவதில்லை. எங்கள் நாயும் தொடுவதில்லை."

நாய்க்குப் போசாக்கு அறிவு ஏது என்று எண்ணிக்கொண்டு, பழைய பேப்பரில் சுற்றிய அந்தப் பொருளை மடியில் வைத்துப் பஸ்ஸில் வந்தேன். செங்கட்டி அளவு. செங்கட்டியின் கனம். கருஞ்சிவப்பு, மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பக்கத்தில் இருந்த சீனத்துக் கிழவி எழுந்து போய் வேறு இடத்தில் நின்றாள்.

அத்தான் அதைக் கையில் வாங்கி மணந்து பார்த்தார். கண்ணை மூடினார். "இதுதான்," என்றார். அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல் அது. வேறு யாராக இருந்தாலும் அந்தச் சொல்லுக்காகவாவது கவனமாகச் சமைத்திருப்பார்கள்.

"இரவைக்குத் தண்ணியிலை ஊறப் போடு," என்றாள் அக்கா. "கருவாட்டைவிட உப்பாயிருக்கும் போலை. ரெண்டு மூண்டு தரம் தண்ணி மாத்து."

"அக்கா, ஊறவிட்டா பி வைற்றமின் முழுக்கத் தண்ணியோடை போயிடும்."

"டேய், மாமா செத்துப்போனார். அவருக்கு ஏனடா வைற்றமின்?"

"படைச்சாப் பிறகு தின்னப்போறது நாங்கள்தானே? நீங்கள் கண்ணாடியிலை உங்கடை கண்ணைப் பாத்தனீங்களே? ரத்தமே இல்லை."

"விசர்க்கதை கதையாமல் ஊறப் போடு!"

ஓம் என்றேன். ஓம் என்பது ஒரு வசதியான சொல். ஈரலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, கொஞ்சம் நீராட்டி, துடைத்து, துணியால் மூடி வைத்தேன். வைற்றமின்கள் காப்பாற்றப்பட்டன.

அடுத்த நாள் சமையல். புகை பட்டால் அலறும் கூரை மணிக்குச் சொப்பிங் பையைக் கட்டிவிட்டு அடுப்பை மூட்டினோம். ஈரலை வெட்ட எங்கள் வீட்டுக் கத்தி மறுத்தது. கீழே போய் அங்கிளின் கத்தியை வாங்கிவந்தேன். வெங்காயம், பெருஞ்சீரகம், ரம்பை இலை, யாழ்ப்பாணத்துத் தூள், கடைசியில் தேங்காய்ப்பால். மணம் அப்படி ஒரு மணம். ஆனால் படையல் சமையலில் ஒரு கட்டாயம் உண்டு: படைத்து முடியும்வரை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. பார்த்தால் எச்சில், எச்சிலை இறந்தவர் தொடமாட்டார். ஆகவே அந்தச் சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று உயிரோடு இருக்கும் எவருக்கும் தெரியாது.

நான் வழக்கம்போலக் கறிக்குப் போடும் உப்பைப் போட்டேன். (ஈரலின் உப்பு ஈரலுக்கு, குழம்பின் உப்பு குழம்புக்கு என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். விஞ்ஞானம்.) நான் இலை வாங்கக் கடைக்குப் போன நேரத்தில், ஊறவிட்ட ஈரல் சப்பென்று இருக்குமே என்று அக்கா ஒரு கை போட்டாள். பிறகு கனகசபை அங்கிள் வந்து, மூடியைத் திறந்து, ஆவியை ஆழமாக இழுத்து, கண்ணை மூடி யோசித்தார்.

"உப்புக் காணாது."

"எப்பிடித் தெரியும் அங்கிள்?" என்று கேட்டேன்.

"மணத்திலை சொல்லுவன். எத்தினை படையல் பாத்த மூக்கு இது."

அந்த மூக்கை நம்பி அவரும் போட்டார்.

படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, இலை விரித்து எல்லாம் படைத்தோம். சோறு, மீன்குழம்பு, முட்டைப்பொரியல், ஒரு சின்னக் கிளாசில் சாராயத்துக்குப் பதிலாக விஸ்கி, நடுவில் ஈரல். கற்பூரம் காட்டிவிட்டு, இறந்தவர் தனியாக இருந்து சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கவேண்டும். ஒற்றை அறை வீட்டில் வெளியே என்றால் பொதுக் கொரிடோர்தான். குப்பை போடும் துவாரத்துக்குப் பக்கத்தில் நான்குபேரும் வெறுங்காலோடு கைகட்டி நின்றோம். லிஃப்ற் திறந்தது. பீட்சா கொண்டுவந்த பெடியன் எங்களைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனான். அத்தான் கதவையே பார்த்தபடி நின்றார். அங்கே, சோபாவுக்கும் ரீவிக்கும் நடுவில், தகப்பன் இருந்து சாப்பிடுகிறார் என்று அவர் நம்பினார். அந்த ஐந்து பத்து நிமிடம் நானும் நம்பினேன்.

உள்ளே போய், இலையில் இருந்து கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பல்கனிக்குக் கொண்டுபோனோம். காகம் வந்து எடுத்தால் மாமா ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். பல்கனிக் கம்பியில் பனி உறைந்திருந்தது. அத்தான் "கா, கா" என்று கூப்பிட்டார். காகம் ஒன்றும் இல்லை. கடைசியில் ஏரிப் பக்கமிருந்து ஒரு கடற்புறா வந்து இறங்கியது. ரொறன்ரோக் கடற்புறா எதையும் தின்னும். சிகரெட் கட்டையைத் தின்றதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அது ஈரல் துண்டைத் தூக்கியது. நாங்கள் மூச்சை அடக்கினோம். ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு தலையை ஒரு உதறு உதறி, துண்டைப் பல்கனிக்கு வெளியே வீசி எறிந்தது. அலகைப் பனியில் இரண்டு பக்கமும் துடைத்தது. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பறந்துபோனது.



"அப்பா எடுக்கேல்லை," என்றார் அத்தான்.

"தம்பி, உது காகமே இல்லை," என்று அங்கிள் அவசரமாகச் சொன்னார். "கனடாக் குருவி. உதுக்கு எங்கடை தூள் பழக்கமில்லை."

அத்தான் உள்ளே போய் இலைக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். "அவர் எடுக்காட்டி நான் எடுக்கிறன்," என்று ஈரலைச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தார். மென்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாங்களும் துணிந்து உட்கார்ந்தோம்.

அதைக் கறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் உப்பு; அதற்குள் இன்னொரு உப்பு; அதையும் கடந்து போனால் செருப்புத் தோல். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடினாள். அங்கிள் தன் சட்டைப் பையில் பிறஷர் குளிசையைத் தேடினார். என் நாக்கு மரத்துப் போய், நான் பாதுகாத்த வைற்றமின் ஒவ்வொன்றையும் சபித்தது.

"ஊறவிட்டனியோடா?" என்று அக்கா குசினியிலிருந்து கத்தினாள்.

"...கழுவினனான்."

அத்தான் மட்டும் தின்றுகொண்டேயிருந்தார். ஒரு துண்டும் மிச்சம் விடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடத் தொடங்கியது. அது உப்பாலா, உறைப்பாலா என்று நான் கவலையோடு ஆராய்ந்துகொண்டிருந்தபோது அவர் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அக்கா ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

நடுவில் அத்தான் ஏதோ சொன்னார். விளங்கவில்லை. மறுபடி சொன்னார்.

"அப்பாவும் இப்பிடித்தான். உப்புக் கூடினா முற்றத்திலை வீசி எறிஞ்சுபோட்டு எழும்பிப் போவார். அம்மா எத்தினை கோப்பை பொறுக்கியிருப்பா." அழுதபடியே சிரித்தார். "அங்கிள், அது அப்பாதான். வந்தவர். சாப்பாடு சரியில்லை எண்டு எறிஞ்சுபோட்டுப் போட்டார்."

கனகசபை அங்கிள் குளிசையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, முறை தெரிந்தவராகத் தலையாட்டினார். "வேறை ஆர்? அவரேதான்."

இதெல்லாம் நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அத்தான் வழக்கில் வென்றுவிட்டார். வோபர்னில் இரண்டு அறை வீட்டுக்கு மாறிவிட்டோம். நான் படிப்பை முடித்துவிட்டேன். காட்டு மானின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கட்மியம் என்ற பார உலோகம் சேர்ந்திருக்கும், தின்னாமல் விடுவதே நல்லது என்பது இரண்டாம் ஆண்டுப் பாடம். (முதலாம் ஆண்டோடு நின்றவன் சமைத்தது அது.) எங்கள் வீட்டில் கறியில் உப்புக் கூடினால் இன்றும் யாரும் "உப்பு" என்று சொல்வதில்லை. "வைற்றமின் கூடிப்போச்சு" என்பாள் அக்கா. அத்தானோ எழுந்துபோய்ப் பல்கனிக் கதவைத் திறந்துவிடுவார்.

போன கிழமையும் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று நிறுத்தினார்.

"எல்லாம் சரி. ஆனா மனுசன் பசியோடை தானே போனவர்."

வருகிற மாதம் மாமாவின் திவசம். அது மரக்கறி. அடுத்தநாள் மச்சம், மீனோ இறைச்சியோ, படைக்கலாம் என்று அங்கிள் நாள் சொல்லிவிட்டார். ஈரல் வேண்டாம், இந்தமுறை இதயம் என்றேன். அதில் ஈரலைப்போல உலோகம் சேராது. ஊறவிட்டு மெல்லிய நெருப்பில் வேகவைத்தால் பஞ்சாகும். உப்புப் பிரச்சினைக்கும் வழி வைத்திருந்தேன்: ஒரே அளவில் இரண்டு சட்டி. ஒன்றை ருசி பார்ப்பது, மற்றதைப் படைப்பது.

"ஒரு சட்டியிலை வாய் வைச்சா மற்றதும் எச்சில்தானடா. ஒரே இறைச்சி, ஒரே அடுப்பு," என்றாள் அக்கா.

வாக்குவாதம் முற்றியது. அங்கிளுக்கு ரெலிபோன் எடுத்தோம். அவர் மூக்கை அனுப்பிவைக்கத் தயாராக இருந்தார். மூன்றுபேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

"ஒரு சட்டி காணும்," என்றார் அத்தான். "நான் ருசி பாக்கிறன். எச்சிலெண்டு கோவிச்சா என்னோடை கோவிக்கட்டும். உப்பாச் சாப்பிட்டுப் போறதைவிட மகன்ரை எச்சில் பரவாயில்லை."

சனிக்கிழமை றேமன்ட் இதயத்தைக் கொண்டுவருகிறான். ஊறப் போடப் பெரிய வாளி வாங்கிவிட்டேன். தண்ணீர் மாற்றும் பொறுப்பை அக்கா என்னிடம் தரவில்லை.