இல்லாததற்குச் சாட்சி

"இந்த வீட்டுல ஏதோ இருக்குன்னு சொல்றாங்களே பாய், நெசமா?"

பூட்டுக்குள் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்த மீரா உசேனின் கை அப்படியே நின்றுவிட்டது. கேட்டவர் குணசேகரன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை, திருவையாற்றுப் பக்கம் நிலம். லீவில் வந்தவர் வீடு தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி குந்தவை மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா?"

"பஸ் ஸ்டாண்டு டீக்கடையில. நாங்க கேக்கவே இல்ல, அவங்களாவே சொன்னாங்க."

அய்யம்பேட்டையில் உள்ள டீக்கடைகள் அத்தனையின் மேலும் மீரா உசேனுக்குக் கோபம் வந்தது. அது அவருடைய பெரியத்தாவின் வீடு; அத்தாவின் அண்ணன். பிள்ளை இல்லாத மனுஷர்; அவர் மவுத்தானதும் வீடு இவருக்கு வந்தது. இவர் துபாயில் இருந்ததால் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. பூட்டிய வீட்டு மாடியில் யாரோ நடக்கிறார்கள், ஜன்னல் வழியாகப் புனுகு வாசம் வருகிறது, ஆகவே ஜின் குடியேறிவிட்டது என்று தெருவே கூடி முடிவு கட்டியிருந்தது.

"அதெல்லாம் சும்மாங்க. ஒண்ணுமே இல்ல."

குணசேகரன் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"விக்கிறவரு நீங்க. நீங்க சொல்றத மட்டும் வச்சு எப்படிங்க முடிவு பண்றது? தெருவுல நாலு பேரு வாயால கேட்டாத் திருப்தியா இருக்கும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வர்றோம். இருக்கா இல்லையான்னு உறுதியாத் தெரிஞ்சிட்டா அன்னைக்கே முடிவு சொல்லிடுறோம்."

மீரா உசேன் வீட்டுக்கு வந்தபோது ஹமீதா பானு பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷம். சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் லீவு நாட்கள் மட்டும்தான். இப்போதுதான் குடும்ப விசா கிடைத்திருந்தது. துபாயில் கூட்டாளி ஒருவன் ஃப்ளாட் ஒன்றை இவருக்காகப் பிடித்து வைத்திருந்தான். வீடு விற்று அதற்கு அட்வான்ஸ் கட்டினால் பானுவும் கூட வருவாள். விற்காவிட்டால் பழையபடி இவர் மட்டும் விமானம் ஏறவேண்டியதுதான்.

"இருக்குன்னா காட்டிடலாம். இல்லாதத எப்படி பானு காட்டுறது?"

"ஹஜ்ரத்தக் கூட்டியாந்து காட்டுங்க. அவங்க இல்லைன்னு சொல்லிட்டா யாரு மறுத்துப் பேசுவா?"

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தும் குடையோடு வந்தார். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார்.

"ஜின் இருக்குன்னு நான் நம்புறேன் தம்பி. வேதத்துல இருக்கு."

"இந்த வீட்டுல இருக்கா ஹஜ்ரத்?"

"அது வேதத்துல இல்ல."

"அப்ப இல்லைன்னு ஒரு வார்த்தை தெருவுல சொல்லிடுங்க ஹஜ்ரத்."

"கண்ணுக்குத் தெரியாத படைப்பு. இருக்குன்னு சொல்லவும் எனக்குத் தெரியாது, இல்லைன்னு சத்தியம் பண்ணவும் எனக்குத் தெரியாது. தெரியாதத நான் எப்படிச் சொல்றது? வந்ததுக்கு ஓதிட்டுப் போறேன்."

அவர் கூடத்தில் உட்கார்ந்து ஓதினார். ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டுக் கமருன்னிஸா மாமி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹஜ்ரத் குடையை விரித்துத் தெருமுனை தாண்டுவதற்குள் சேதி தாண்டிவிட்டது. ஒன்றும் இல்லாத வீட்டுக்கு ஹஜ்ரத் எதற்கு வருகிறார்? அதுவரை சந்தேகமாக இருந்தவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்தது.

மீரா உசேன் பஸ் ஏறினார். பாபநாசத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த பள்ளிக்கூடத் தோழர் குஞ்சிதபாதத்திடம் போய் அழாத குறையாகச் சொன்னார். குஞ்சிதபாதம் பெயர் அப்பா வைத்தது. கருப்புச் சட்டை அவராகப் போட்டுக்கொண்டது. சாமி, பேய், ஜாதகம் எதுவும் கிடையாது என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்.

"ஹஜ்ரத்தக் கூப்பிட்டா எப்படிய்யா? எதையும் நம்பாதவனக் கூப்பிடணும். நான் ஒரு ராத்திரி அங்க படுக்கிறேன். காலையில எந்திரிச்சு தெருவுல நின்னு கூட்டம் போட்டு சொல்றேன். அதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

மீரா உசேன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குஞ்சிதபாதம் சாயங்காலமே பாயும் தலையணையுமாக வந்து, தெரு முழுக்கத் தெரியும்படி சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நன்றிக்கடனாக ஹமீதா பானு ஒரு சட்டி நிறைய பிரியாணி அனுப்பிவைத்தாள்.

விடிந்தும் விடியாத நேரத்தில், வாசல் கூட்டிக்கொண்டிருந்த கமருன்னிஸா மாமியின் கண் முன்னால், அந்த வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. குஞ்சிதபாதம் ஒரு கையால் கைலியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஓடினார். செருப்பு வாசலிலேயே கிடந்தது. பாய் தலையணைக்கு அவர் திரும்பி வரவே இல்லை.

மீரா உசேன் அடுத்த பஸ்ஸில் பாபநாசத்துக்கு ஓடினார்.

"என்னய்யா ஆச்சு? எதைப் பார்த்த?"

"எதையும் பாக்கல." குஞ்சிதபாதம் வெந்தயத்தை வாயில் போட்டு மோரைக் குடித்தார். "பிரியாணி ஒத்துக்கல. பூட்டிக் கிடந்த வீடு, கக்கூஸுல பொட்டுத் தண்ணி இல்ல. நான் என்ன பண்ணுவேன்?"

"அத வந்து தெருவுல சொல்லிடேன்."

"என்னன்னு?"

"இப்ப என்கிட்ட சொன்னதத்தான்."

குஞ்சிதபாதம் இன்னொரு வாய் மோர் குடித்தார். "பேயப் பாத்துப் பயந்து ஓடினேன்னு வேணா அவங்க நினைச்சுக்கட்டும். இத மைக் போட்டுச் சொல்ல முடியாதுய்யா. என்கிட்ட பொண்ணுங்க டைப்ரைட்டிங் படிக்குது."

அதற்குள் அய்யம்பேட்டையில், நாத்திகரையே ஜின் அடித்து விரட்டிய கதை டீக்கடையில் முடிந்து காய்கறிக் கடைக்குப் போயிருந்தது. அறைந்த அறையில் செருப்பு கழன்று விழுந்ததாம். செருப்பு வாசலில்தானே கிடந்தது, போவோர் வருவோர் எல்லாரும் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. மீரா உசேன் தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள் ஒதுங்கிப் போனார்கள். துபாயிலிருந்து கூட்டாளி எஸ்.டி.டி. பூத்துக்கு போன் போட்டு, "ஃப்ளாட்ட இன்னும் எத்தன நாளு பிடிச்சு வைக்கிறது?" என்றான். கடைசி முயற்சியாக, வயலில் எலி பிடிக்கும் இராஜாங்கத்தை அழைத்து வந்து மாடிக்கு ஏற்றிவிட்டார். பகல் முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. கடைசியில் இராஜாங்கம் உடம்பெல்லாம் ஒட்டடையோடு, கையில் ஒரு கூண்டோடு இறங்கி வந்தார்.

கூண்டுக்குள் ஒரு மரநாய். பூனை உடம்பு, நீள வால், பளபளவென்று கண். கிட்டப் போனால் புனுகு வாசம் குப்பென்று அடித்தது.

மீரா உசேனுக்கு அழுகையே வந்துவிட்டது. கூண்டை நடுத்தெருவில் வைத்துக் கத்தினார்.

"எல்லாரும் வந்து பாருங்க! மாடியில நடந்தது இதுதான். வாசம் வந்ததும் இதுலேர்ந்துதான். மோந்து பாருங்க! இதுதான் உங்க ஜின்!"

தெரு கூடியது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள், மோந்தும் பார்த்தார்கள். கமருன்னிஸா மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அதத்தானே நாங்களும் சொன்னோம். இதுதான் ஜின்."

"மாமி, இது மரநாய்!"

"ஜின் பாம்பா வரும், பூனையா வரும், நாயா வரும்னு எங்க அத்தா சொல்லிருக்காங்க. இது பூனையும் நாயும் கலந்தாப்புல இருக்கு பாரு. அதோட ஜின்னுக்கு வாசனைன்னா உசுரு."

"மாமி..."

"நீ பிடிச்ச வரைக்கும் சரி. பிடிச்சத இப்படிக் கூண்டுல போடலாமா? நாளைக்கு நீ துபாய்க்குப் போயிடுவ. எதிர்த்த வீட்டுல இருக்கிறது நானு."

சொல்லிக்கொண்டே, தெருவுக்கே நல்லது செய்கிற மாதிரி, கூண்டுக் கதவைத் தூக்கிவிட்டாள். மரநாய் ஒரே பாய்ச்சலில் அத்தனை பேர் காலுக்கும் நடுவில் புகுந்து, மதில் ஏறி, தென்னை மட்டைக்குள் போய்விட்டது. எந்தப் பக்கம் போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள் மாமி. "மறைஞ்சிருச்சு."

மீரா உசேன் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சரிந்தார். "கையில பிடிச்சுக் காட்டினேன் பானு. கையில பிடிச்சு! அதுக்கு மேல என்ன ஆதாரம் காட்டுறது?"

ஹமீதா பானு அடுக்கிய துணியைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆதாரம் ஆதாரம்னு அலையிறீங்களே. பத்து வருஷமா நீங்க பேசி அனுப்புற கேசட்டுல வர்ற குரலக் கேட்டுக்கிட்டு, எனக்கும் ஒரு புருஷன் இருக்காருன்னு உக்காந்திருக்கேன். நான் உங்ககிட்ட என்ன ஆதாரம் கேட்டேன்?"

கடைசித் துணியையும் வெளியே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நம்புறவங்ககிட்ட போயி இல்லைன்னு நிரூபிக்க முடியாதுங்க. இருந்துச்சு, போயிருச்சுன்னு சொன்னா நம்புவாங்க. ஹஜ்ரத்து அன்னைக்கு ஓதினது நெசந்தானே? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத் பொய் கலக்காமல் இரண்டே வார்த்தை சொன்னார். "மீரா உசேன் பெரியத்தா வீட்டுல நான் ஓதியிருக்கேன். இனி யாரும் அந்த வீட்டப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்ல."

ஜனங்கள் பள்ளிவாசல் படி இறங்குவதற்குள் வீடு சுத்தமாகிவிட்டது. கூண்டோடு காட்டியபோது நம்பாத தெரு, இதை அப்படியே நம்பியது. ஜின் போனதைக் கண்ணால் பார்த்தவர்களே மூன்று நான்கு பேர் கிளம்பினார்கள். அதில் முதல் ஆள் கமருன்னிஸா மாமி.

சாயங்காலம் குணசேகரனும் குந்தவையும் காரில் வந்து இறங்கியபோது, மீரா உசேன் வாய் திறக்கவே அவசியமில்லாமல் போயிற்று. மாமிதான் எதிர்கொண்டாள்.

"வாங்க, வாங்க. இருந்துச்சு, இல்லைங்கல. இப்பப் போயிருச்சு. வெள்ளையா ஒண்ணு வாய்க்கால் பக்கம் போனத இந்தக் கண்ணால நான் பாத்தேன்."

"நெசமாவே போயிருச்சா?" என்று குணசேகரன் கேட்டார்.

"சுத்தமாப் போயிருச்சு," என்றார்கள் நாலு பேர்.

"திரும்ப வந்துடுமா?"

"வரவே வராது!" என்று மீரா உசேன் முந்திக்கொண்டார். "எங்க ஹஜ்ரத்து ஓதினா ஓதினதுதான். நடு வீட்டுல நீங்க தனியாப் படுத்துக்கலாம். பச்சப் புள்ளையக்கூட விட்டுட்டுப் போகலாம். யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் பயமில்லாம வந்து போகலாம்."

குணசேகரன் முகம் விழுந்துவிட்டது. மாடியை ஒருமுறை பார்த்தார். "அப்ப சரிங்க பாய், நாங்க வர்றோம்," என்று காரை நோக்கித் திரும்பிவிட்டார்.

மீரா உசேன் விடவில்லை. ஓடிப்போய்க் காரை மறித்தார். "என்னங்க, இவ்வளவு பேரு சொல்லியுமா நம்பிக்கை வரல? இன்னும் என்ன சாட்சி வேணும், சொல்லுங்க?"

குணசேகரன் சங்கடத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை வாயே திறக்காத குந்தவை கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"நம்பிக்கை வந்ததுனாலதாங்க பாய் திரும்பிப் போறோம். இவரு சிங்கப்பூர்லேர்ந்து வந்த நாளா வீடு பூரா சொந்தக்காரங்க. நாங்க ரெண்டு பேரும் தனியா உக்காந்து ஒரு வேளை சோறு தின்னதில்ல. பேய் இருக்குன்னு கேள்விப்பட்டுத்தானே ஆசையா இந்த வீட்டப் பாக்க வந்தோம்!"