ஒன்பதாவது ரோடும் பதினோராம் கேள்வியும்

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில், ஒரு முட்டைக் குடோனுக்கும் டயர்ப் பட்டறைக்கும் நடுவே, ‘ஆழ்துளைக் கிணறுகள் மற்றும் இதர பள்ளங்கள் பதிவு அலுவலகம்’ இயங்கி வருகிறது. இயங்கி வருகிறது என்பது பெயர்ப்பலகையில் உள்ள வாசகம், நம் கருத்தல்ல. அந்த வட்டாரத்தில் யார் பூமியில் துளை போட்டாலும் இங்கே அனுமதி வாங்கித்தான் போட வேண்டும். இதர பள்ளங்கள் என்றால் எவை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அலுவலக வாசலிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்கு அனுமதி உண்டா என்பதும் தெரியவில்லை.

அங்கே இளநிலை உதவியாளர் சந்திரசேகர். பதினாறு வருஷமாக இளநிலையிலேயே இருப்பவர். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பொழுதுபோக்கு. மூலையில் ஒரு பழைய கணினி இருந்தது. தளவாடப் பதிவேட்டில் வரிசை எண் பதினான்கு. அதில் கடிதம் அடிக்க முடியாது, கணக்குப் போட முடியாது. ஆனால் ஒரு சிவப்பு வண்டி வரும். மேலேயிருந்து கல் உருளும், எதிரே மாடு வரும், வழியில் பெட்ரோல் டப்பா கிடக்கும். கல்லுக்கும் மாட்டுக்கும் தப்பி, டப்பாவைப் பொறுக்கிக்கொண்டு, ஒன்பது ரோடு கடக்க வேண்டும்.

மதியம் ஒன்றரைக்குச் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு சந்திரசேகர் அதன் முன் உட்காருவார். இரண்டு அடித்ததும் எழுந்துவிடுவார். ஏழாவது ரோட்டின் பாதியில் வண்டி பறந்துகொண்டிருந்தாலும் அணைத்துவிடுவார். இடைவேளை இரண்டு மணி வரைதான் என்று விதியில் இருக்கிறதே! அந்த விதியை மதித்த ஒரே ஊழியர் அவர்தான். அதனால்தான் பதினாறு வருஷத்தில் எட்டாவது ரோட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதும் இல்லை. அந்த அரைமணி நேரத்தில் அவர் யாருக்கும் கீழே இல்லை. அது போதுமாக இருந்தது.

இப்படியிருக்க, தலைமையகத்திலிருந்து ஓர் ஆணை வந்தது: ‘வரும் ஒன்றாம் தேதி முதல் கையால் எழுதிய அனுமதிகள் செல்லாது. கணினி வழியே மட்டும் வழங்கப்பட வேண்டும்.’ கூடவே ஐந்து புதிய கணினிகளும் பெட்டியில் வந்து இறங்கின. மறுநாளே இன்னோர் ஆணை: ‘பதிவேட்டில் உள்ள பழைய கணினியைக் கழிவு செய்து நீக்காமல் புதியவற்றைப் பிரித்தல் ஆகாது.’ இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து, ஒரே தேதி. ஆக, ஒன்றாம் தேதியிலிருந்து கையாலும் அனுமதி தர முடியாது, கணினியாலும் தர முடியாது. அலுவலகம் மிகவும் நிம்மதியடைந்தது.

கழிவு செய்வதற்கு மூவர் குழு அமைந்தது. தலைவர், வட்டார அலுவலர் அறிவழகன். உறுப்பினர், கண்காணிப்பாளர் கலைமணி அம்மையார். தொழில்நுட்ப உறுப்பினர், சேலத்திலிருந்து வந்த ரமேஷ்குமார். கையில் படிவம், அதில் பதினொரு கேள்வி. பத்துக் கேள்விகளைப் பத்து நிமிஷத்தில் முடித்தார்கள். பதினோராவது இப்படி இருந்தது: ‘மேற்படி பொருள் யாதொரு செயலுக்கேனும் உதவுமா? முழுமையாக இயக்கி, இறுதிவரை ஆய்ந்து, அதன் பின்னரே உதவாது எனச் சான்றளிக்க வேண்டும்.’

“லெட்டர் அடிக்குமா?” என்றார் அறிவழகன்.

“அடிக்காதுங்க சார்,” என்றார் சந்திரசேகர்.

“பிரிண்ட் வருமா?”

“அது போன தேர்தலுக்கு முந்துன தேர்தல்லயே போச்சுங்க.”

“அப்புறம் என்னதான் வரும்?”

சந்திரசேகருக்குப் பொய் வராது. “வண்டி வருமுங்க சார்,” என்றார்.

போட்டுக் காட்டினார். அறிவழகன் உட்கார்ந்து ஓட்டினார். முதல் மாட்டிலேயே மோதினார். கலைமணி அம்மையார் இரண்டாவது மாடு வரை போனார். ரமேஷ்குமார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இறுதிவரைன்னு போட்டிருக்குதுங்களே, இறுதி எங்க இருக்குது?” என்று கேட்டார்.

“ஒம்போது ரோடுங்க.”

“அப்படீன்னா ஒம்போதையும் ஓட்டிப் பாக்காம நாம கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு ஆடிட்டுல ஆறாவது ரோட்டுல என்ன இருந்துச்சுன்னு கேட்டா?”

மூவருக்கும் வியர்த்தது. ஆறாவது ரோட்டில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஓர் அரசுப் பொருளைக் கழிவு செய்வதா? அன்று பிற்பகலே ஆய்வு தொடங்கியது.

ஒரு வாரத்தில் ஆய்வு காலை பத்து முதல் மாலை ஐந்தே முக்கால் வரை என்றானது. அறிவழகனின் மகள் சௌமியா பெங்களூரில் வேலை பார்க்கிறவள். அவள் போனில், “அப்பா, அதுக்குப் பேரு ரெட்ரோ, பழசுதான் இப்ப ஃபேஷன்! இங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை கூடி அதத்தான் ஆடறாங்க. ஆடறதுக்கு முன்னாடி ஒரே கலர் பனியன் போட்டுட்டுக் கூட்டமா ஓடறாங்க,” என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். திங்கட்கிழமை மூன்று பனியன் வந்தது, முதுகில் ‘ஆய்வே ஆரோக்கியம்’ என்று அச்சடித்து. காலையில் குழு அலுவலகத்தை மூன்று சுற்று ஓடிவிட்டுத்தான் நாற்காலியில் அமரும். கலைமணி அம்மையார் சேலைக்கு மேலேயே பனியனைப் போட்டுக்கொண்டு ஓடினார். மனுவோடு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் எழுந்து வழி விட்டார்கள்.

சந்திரசேகரின் மதிய அரைமணி போயிற்று. ‘ஆய்வில் உள்ள பொருளைப் பணியாளர்கள் தொடுதல் கூடாது’ என்று கணினி மேல் சீட்டு ஒட்டிவிட்டார்கள். அவருக்குத் தேநீர் வாங்கி வரும் பொறுப்பும் மதிப்பெண் குறிக்கும் பொறுப்பும் தரப்பட்டன. மூன்றாவது ரோட்டு வளைவில் மூன்று பேரும் மாறி மாறிக் கவிழ்வதை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பெற்ற பிள்ளையை முரடனிடம் பாடம் படிக்க விட்டது மாதிரி இருந்தது அவருக்கு.

ஜன்னலோரம் கூட்டம் சேர ஆரம்பித்தது. முதலில் சலித்துப்போய் எட்டிப் பார்த்த மனுதாரர்கள்தான். பிறகு பக்கத்துப் பட்டறைக்காரர்கள். ஓய்வுபெற்ற லாரி டிரைவர் பச்சமுத்து வர்ணனை சொன்னார்: “திருப்புறான் பாரு, ஆரனும் இல்ல ஒண்ணுமில்ல! இவனுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தது ஆருங்க?” ஊர் இரண்டு கட்சியானது, அறிவழகன் கட்சி ஒன்று, ரமேஷ்குமார் கட்சி ஒன்று. சுண்டல் வண்டி வந்து நின்றது. மனு இருப்பவர்களுக்குத்தான் ஜன்னலோரம் இடம் என்று காவலாளி சொன்னதும், நிலமே இல்லாதவர்கள் எல்லாம் மனு எழுதிக் கொடுத்தார்கள். மனுக்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானதைக் கண்ட தலைமையகம், ‘பொதுமக்களிடையே ஏற்பட்டுள்ள நம்பிக்கை’க்காகப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

இந்தக் கூட்டத்தில் உண்மையாகவே தண்ணீர் தேவைப்பட்டவர் மயிலம்மாள். சேந்தமங்கலத்துப் பக்கம் இரண்டு ஏக்கர் மரவள்ளி, மூன்று மாடு, அடிவரை வறண்ட கிணறு. ஆழ்துளை போட திருச்செங்கோட்டு ரிக் வண்டியைச் சொல்லி வைத்திருந்தார். தேநீர்த் தூக்கோடு வந்த சந்திரசேகரை வாசலில் மடக்கினார்.

“ஏனுங்க சாமி, எம்பட மனு என்னாச்சுங்க?”

“ஆய்வு முடியோணுமுங்க அக்கா. முடிஞ்சாத்தான் புதுப் பொட்டிய பிரிப்பாங்க.”

“எப்ப முடியுமுங்க?”

“அவிய இன்னும் நாலாவது ரோட்டையே தாண்டலீங்க.”

மயிலம்மாள் அவர் முகத்தையே பார்த்தார். “வெள்ளிக்கிழமையோட ரிக்கு ஆந்திராவுக்குப் போயிருமுங்க. அப்பறம் மூணு மாசம் ஆவும். மாட்டுக்குக் கொடத்துல வாங்கி ஊத்திட்டிருக்கறனுங்க. அத்தன ரோட்டையும் தாண்டத் தெரிஞ்சவிய ஆருமே இல்லீங்களா?”

சந்திரசேகருக்குச் சுருக்கென்றது. ஏழாவது வரை தெரிந்தவர், மணி இரண்டாகாவிட்டால் மீதியையும் தாண்டக்கூடியவர், தூக்கைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிறார். ஆனால் ஒன்பதாவது ரோட்டைத் தாண்டிவிட்டால் ஆய்வு முடிந்தது, வரிசை எண் பதினான்கு பழைய இரும்புக்குப் போகும். பதினாறு வருஷத்து அரைமணிகள் எல்லாம் எடைக்குப் போகும். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனார். வியாழன் மாலை அறிவழகனிடம் போய், “நானு ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா சார்?” என்று கேட்டுவிட்டார்.

குழு கூடி விவாதித்தது. பணியாளர் தொடக்கூடாது, ஆனால் ‘சிறப்பு அழைப்பாளர்’ தொடலாம். எனவே சந்திரசேகர் அவருடைய அலுவலகத்துக்கே சிறப்பு அழைப்பாளராக அழைக்கப்பட்டார். நேரக் கட்டுப்பாடு கிடையாது என்று ஆணையில் எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், பழையபடி ஒன்றரைக்கு உட்கார்ந்தார். ஜன்னல், கதவு, மதில் எங்கும் தலை. ரிக் வண்டியை டயர்ப் பட்டறையோரம் நிறுத்திவிட்டு, அதன் டிரைவர் காளியப்பனும் வந்து ஜன்னலைப் பிடித்து நின்றார். பக்கத்தில் மயிலம்மாள், கையில் மனுவின் நகலோடு.

ஏழாவது ரோடு பாதி கடந்தது. மணி இரண்டானது. கால் தானாக எழப் பார்த்தது. சந்திரசேகர் அதை அதட்டி உட்கார வைத்தார். எட்டாவது ரோடு! மலைப்பாதை. கொல்லிமலை ஏற்றத்தில் வண்டி ஓட்டிய பச்சமுத்து உணர்ச்சிவசப்பட்டு, “செகண்ட் கியரு, செகண்ட் கியரு!” என்று கத்தினார். ஒன்பதாவது ரோட்டில் பாலமே பாதிதான் இருந்தது. சிவப்பு வண்டி தாவியது. கரையில் இறங்கியது. எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. ரமேஷ்குமார் அதைத் தமிழில் உரக்கப் படித்தார்: “மறுபடியும் ஆடுகிறீர்களா? ஆம் என்றால் ‘ஒய்’ எழுத்து, இல்லை என்றால் ‘என்’ எழுத்து.”

அறிவழகன் படிவத்தைப் பிரித்துப் பேனாவைத் திறந்தார். “‘என்’ அமுக்குனா ஆய்வு நிறைவு. கையெழுத்துப் போட்டுர்றோம். பொட்டியப் பிரிச்சா சாயங்காலமே அம்மாவுக்கு அனுமதி,” என்றார். நியாயமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் குரலில் உயிரே இல்லை.

“ஒய் அமுக்குனா?” என்றார் கலைமணி அம்மையார்.

“மறுபடி முதல் ரோடு. வேகம் கூடும்போல இருக்குது,” என்றார் ரமேஷ்குமார். “அப்படி வந்தா, அது இறுதி இல்லைன்னு ஆகுது.”

ஜன்னலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மாசக்கணக்கில் மனுவோடு காய்ந்தவர்கள், அலுவலகத்தை வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள், ஒரே குரலாக, “ஒய்யி! ஒய்யி போடுங்க சாமி!” என்று கத்தினார்கள். சந்திரசேகர் திரும்பி மயிலம்மாளைப் பார்த்தார். அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சந்திரசேகர் மனசார ‘என்’ மேல்தான் விரலை வைத்தார். பதினாறு வருஷமாக இரண்டு மணிக்கு எழுந்த மனிதர். இப்போது மணி மூன்றாகிறது, யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. விரல் கொஞ்சம் நகர்ந்தது. ஒய்யை அமுக்கினார்.

கைதட்டலில் ஜன்னல் கதவு ஆடியது. அறிவழகன் பேனாவை மூடிவிட்டு, ஆய்வுக் காலத்தை மூன்று மாதம் நீட்டிக்கக் கோரும் கடிதத்தைச் சொல்லச் சொல்லக் கலைமணி அம்மையார் எழுதினார்.

மயிலம்மாள் மனு நகலை நான்காக மடித்து இடுப்பில் செருகினார். “இவிய அனுமதி ஒண்ணும் ஆகாதுங்க,” என்றார் பக்கத்தில் நின்ற காளியப்பனிடம். “கேசு போட்டாப் போட்டுட்டுப் போகட்டும். வண்டிய எடுங்க, நாம போயி போரப் போடலாம்.”

காளியப்பன் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “செத்த இருங்கக்கா. இந்த ரெண்டாவது ரோடு முடியட்டும்.”

அது சந்திரசேகர் காதிலும் விழுந்தது. திரும்பிப் பார்க்கத்தான் நினைத்தார். ஆனால் இந்தத் தடவை மாடுகள் வேகமாக வந்துகொண்டிருந்தன.