சம்பந்திகளை ஏற்றிய படகு

ஒன்றை அரைகுறையாகப் படித்தவருக்கு வரும் துணிச்சல், முழுதாகப் படித்தவருக்கு வருவதில்லை. எனக்கு அது இணையவழியாக வந்தது. உலோக வார்ப்புகளை வாங்குவோருக்கும் வடிவமைப்போருக்குமான இலவசப் பயிற்சி அது. காணொளி பார்த்து, கேள்விக்குப் பதில் சொன்னால் சான்றிதழ். கூடவே தடித்த ஒரு கைநூல். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும், கூரான மூலையில் வெடிப்பு விழும் என்றெல்லாம் குசினியில் மீன் கழுவிய அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். (அம்மா மீனைத்தான் பார்த்தார்.)

அந்த நேரம் பார்த்து, குறிகட்டுவான் துறைக்குப் பக்கத்தில் அண்ணையின் படகு கல்லில் அடிபட்டு, அடியில் சுழன்று தள்ளும் புரொப்பலர் உடைந்தது. தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம் நெருங்கியிருந்தது. வேலணையிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரை அந்தப் படகில்தான் நெடுந்தீவுக்குக் கூட்டிவர வேண்டும்.

"கடையிலை ஒண்டு வாங்குவம்," என்றார் அண்ணை.

"ஏன் அண்ணை? நான் கீறித் தாறன். யாழ்ப்பாணத்திலை வார்ப்பிப்பம்."

உடைந்த புரொப்பலரைக் கன்னத்தோடு வைத்து ஒரு செல்ஃபி எடுத்தேன். முதல் வேலையல்லவா. வரைபடத்தையும் அந்தப் படத்தைப் பார்த்தே கீறினேன். சுருக்கத்துக்கு அளவு கூட்டினேன், மூலைகளை வளைத்தேன். முன்பக்கக் கமரா இடப்பக்கத்தை வலப்பக்கமாக்கிக் காட்டும் என்பது மட்டும் கைநூலில் இல்லை. பட்டறைக்காரர் நான் கீறியதை, இதழ்களின் முறுக்கு இடம்வலம் மாறியபடியே, அச்சொட்டாக வார்த்துக் கொடுத்தார்.

நிச்சய நாள் காலையில்தான் அண்ணை அதைக் குறிகட்டுவான் துறையிலேயே பூட்டி முடித்தார்.

"ஒருக்கா ஓடிப் பாப்பம்."

"தேவையில்லை அண்ணை. படிச்சனான் சொல்லுறன்."

மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு ஏறினார்கள். அண்ணை முன் கியரைப் போட்டார். படகு பின்னுக்குப் போய்த் துறையில் முட்டியது. மாப்பிள்ளையின் தாயார் மடியில் வைத்திருந்த பலகாரத் தட்டு கடலுக்குள் போனது.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் பலகாரத்தைப் பார்த்தேன்.

"நல்ல நேரம் போகப்போகுது," என்றார் தாயார்.

"ரிவேர்ஸைப் போடுங்கோ அண்ணை," என்றேன் மெல்ல.

படகு முன்னுக்குப் போனது. நெடுந்தீவு வரைக்கும் ரிவேர்ஸ் கியரில், முனகி முனகி. எங்களைக் கடந்த படகுகளிலெல்லாம் தெரிந்த முகங்கள். எல்லோருக்கும் கை காட்டினேன், வேறென்ன செய்ய.

கரை நெருங்கியதும் அண்ணை கியரை எடுத்தார். பிறகு படகை நிறுத்த, பழக்க தோஷத்தில் மறுபடியும் ரிவேர்ஸைப் போட்டார். படகு பாய்ந்துபோய்த் துறையில் இடித்தது. தாயார் வந்து என் மடியில் இருந்தார்.

"இந்தச் சாமானை ஆர் செய்விச்சது?" இருந்தபடியே கேட்டார்.

"நான்தான் மாமி."

"அப்ப நல்லகாலம். நாங்கள் கேட்டு வந்தது தங்கச்சியை, உம்மையில்லை."

நல்ல நேரம் முடியுமுன் மோதிரம் மாறியது. கலியாணமும் நடந்தது. போன மாதம் தங்கச்சியின் மகன் தவழத் தொடங்கினான். சில குழந்தைகளைப்போல முதலில் பின்னுக்குத்தான் போனான். உடனே மாமியின் அழைப்பு வந்தது.

"உண்மையைச் சொல்லும் பிள்ளை. இவனுக்கு நீர் ஏதும் பூட்டினனீரோ?"